பின்னேரம் பார்க்கிற டொக்டரிடம் நம்பர் எடுப்பது: போனிலா, நேரிலா? கடைசி பஸ்ஸுக்கு முன் வீடு போக வழி உண்டா?

பாலைப்பழம் (விசுவமடு)

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் கேட்பது விளங்கும்.

அம்மாவுக்கு 67 வயது. சீனியும் பிரஷரும் இருக்கிறது. அரச ஆஸ்பத்திரியில் மாதக் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறார். காலில் வந்த புண் ஒன்று மூன்று கிழமையாக ஆறவில்லை. கிளினிக் திகதிக்கு இன்னும் பதினைந்து நாள் கிடந்தது. அதனால் கிளிநொச்சியில் பின்னேரத்தில் பார்க்கிற ஒரு டொக்டரிடம் காட்டுவோம் என்று விடியவே போன் எடுத்தேன். 31ஆம் நம்பர் தந்தார்கள். எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டேன். "டொக்டர் நாலரைக்கு வந்திடுவார், அந்த நேரத்துக்கு வாங்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

இரண்டு மணி பஸ் பிடித்து, பரந்தன் சந்தியால் சுற்றி, நாலு மணிக்கே போய் வாங்கில் இருந்துவிட்டோம். டொக்டர் வந்தது ஆறு மணிக்கு. ஆஸ்பத்திரியில் அவசர அலுவல் வந்திருக்கும், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவரும் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஆறரைக்கு இன்சுலின் போடுகிறவர். நேரம் தவறக் கூடாது என்று ஊசியைக் கையோடு கொண்டுவந்திருந்தார், அங்கேயே போட்டுவிட்டார். சாப்பிட வெளியே போவோம் என்றால் வரமாட்டேன் என்கிறார். பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் கடைசியில் தள்ளிவிடுவார்களாம். அப்போது ஒன்பதாம் நம்பர் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் விரல்கள் நடுங்கத் தொடங்கின. நெற்றி வியர்த்து, காதோரத்து நரைமுடி தோலோடு ஒட்டிப்போயிருந்தது. "ஒண்டுமில்லை பிள்ளை, வெக்கை" என்கிறார். மார்கழி மாதம், எங்கே வெக்கை? பக்கத்தில் இருந்த ஓர் அம்மா பார்த்தவுடனே விளங்கிக்கொண்டார். எழும்பிப்போய் எதிர்க்கடையில் சீனி கூடப் போட்ட தேத்தண்ணி வாங்கிவந்து, தன் கையாலேயே பருக்கினார். அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இதை அவர் வாசித்தால், உங்களை நாங்கள் மறக்கவில்லை.

எங்களைக் கூப்பிட ஒன்பதே கால் ஆகிவிட்டது. கடைசி பஸ் போய்விட்டது. ஓட்டோவுக்குக் கொடுத்தது டொக்டருக்குக் கொடுத்ததை விடக் கூட.

நீங்கள் எல்லாரும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? போனில் எடுப்பதா, நேரில் போய் எடுப்பதா? நம்பர் தரும்போது நேரத்தையும் கேட்டு வாங்க முடியுமா?


இரணைமடுக்காற்று (கிளிநொச்சி)

தங்கச்சி, வாசிக்கவே மனம் சரியில்லை. அம்மா இப்போது எப்படி?

நான் செய்வது இதுதான். நம்பரை விடியவே போனில் எடுத்துவிடுவேன். வெளிக்கிடும் முன் இன்னொரு தரம் எடுத்து, "டொக்டர் வந்திட்டாரோ? எத்தினையாம் நம்பர் போகுது?" என்று கேட்பேன். முதல் போன் நம்பருக்கு, இரண்டாவது போன்தான் நேரத்துக்கு. டவுனில் இருக்கிற எனக்கு அது சரிவரும். விசுவமடுவில் இருந்து வருகிற உங்களுக்கு, பஸ் ஏறின பிறகு கேட்டு என்ன பயன் என்று தெரிகிறது. இருந்தாலும் பரந்தனில் இறங்கி நிற்கும்போதாவது கேட்கலாம்.


வெள்ளைத்தொப்பி (வவுனியா)

பிள்ளை, நான் முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். நம்பர்க் கதையைப் பிறகு பார்ப்போம். முதலில் இரண்டு விஷயம்.

ஒன்று. சீனி இருக்கிறவருக்குக் காலில் புண் வந்து மூன்று கிழமை ஆறவில்லை என்றால், அது பின்னேரக் கிளினிக்குக்கு நம்பர் எடுத்துக் காத்திருக்கிற வருத்தம் இல்லை. கிளினிக் திகதி வரும்வரை பார்த்திருக்கவும் கூடாது. காலையில் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்கு நேரே போங்கள். திகதி இல்லை என்று திருப்பமாட்டார்கள், காசும் இல்லை. சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு அவர்களே எழுதி அனுப்புவார்கள். மருந்து கட்டுவதை உங்களுக்குக் கிட்டடி ஆஸ்பத்திரியிலேயே செய்ய ஒழுங்கு பண்ணித் தரச் சொல்லிக் கேளுங்கள். விசுவமடுவுக்குத் தர்மபுரம் கிட்டத்தானே? புண் கறுத்தால், மணம் வந்தால், காய்ச்சல் அடித்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம்.

இரண்டு. இன்சுலின் போட்டால் அரை மணிக்குள் சாப்பாடு வயிற்றுக்குள் போக வேண்டும். சாப்பாடு கையில் வந்த பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும். இதை எத்தனை பேருக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. வரிசை எவரையும் இதை மறக்க வைத்துவிடும். இனி எங்கே போனாலும் பையில் இரண்டு டொபி, ஒரு பணிஸ், தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, கதை தடுமாறுவது இதில் எது வந்தாலும் உடனே இனிப்புக் கொடுங்கள். மீற்றர் இருந்தால் பாருங்கள், 70க்குக் கீழே என்றால் குறைவு. மீற்றர் இல்லையென்று இனிப்பைப் பிந்த விடக் கூடாது. ஆள் மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்குப் போன் அடியுங்கள். அந்த அம்புலன்ஸ் 2018இல் இருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை.

அந்தத் தேத்தண்ணி வாங்கித்தந்த அம்மாவுக்கு நானும் நன்றி சொல்கிறேன்.


வவுனிக்குளத்தான்

போனா நேரா என்று கேட்டபடியால் என் பக்கத்தையும் சொல்கிறேன். சிலருக்குப் பிடிக்காது.

போனில் நம்பர் கொடுப்பதையே நிறுத்த வேண்டும் என்பேன். என் ஐயாவுக்கு 74 வயது, போனில் பச்சைப் பொத்தானை அமத்தத் தெரியும், அவ்வளவுதான். நான் வயலுக்குப் போய்விட்டால் அவருக்கு நம்பர் போட்டுக்கொடுக்க ஆள் இல்லை. அவர் பாண்டியன்குளம் பக்கத்தில் இருந்து சைக்கிளில் வந்து, டிஸ்பென்சரிக் கதவு திறக்க முதலே நிற்பார். கதவைத் திறந்தவுடன் முதல் ஆளாகப் போய்க் கேட்டால் 34 என்று துண்டு கொடுப்பார்கள். உள்ளே ஒருவரும் இல்லை, வாங்கு எல்லாம் வெறுமை, ஆனால் இவருக்கு 34. மிச்சம் எல்லாம் போனில் போய்விட்டதாம். அதில் பாதி வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் எடுத்துப் போட்ட நம்பர்.

முதலில் வந்தவர் முதலில் பார்க்க வேண்டும். காலால் நடந்து வந்தவனை விடக் கோல் எடுத்தவன் எப்படி முதல் ஆள் ஆவான்?


கனகராயன்கரை (லண்டன்)

அண்ணா, வெளிநாட்டுப் பிள்ளை என்றால் நானும் ஒருவன். அதனால் பதில் சொல்லக் கடமை உண்டு.

அம்மா அப்பா மாங்குளம் பக்கத்தில் தனிய இருக்கிறார்கள். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ விசேட வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்றால் டொக்டருக்கு நம்பர் பதிகிற ஈ-சனலிங், டொக் 990 சேவைகளில் இங்கிருந்தபடியே நான் சனல் பண்ணிவிடுவேன். எந்த டொக்டர், எந்த நாள், எத்தனையாம் நம்பர் எல்லாம் போன் திரையில் தெரியும். ஊர் டிஸ்பென்சரிக்கு நேரே கோல் எடுப்பேன். அது இல்லாவிட்டால் அப்பா ஒவ்வொரு தரமும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கெஞ்ச வேண்டும்.

போனில் மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் இங்கே பார்க்கிறேன். இங்கே எங்கள் பகுதி டொக்டரின் கிளினிக்கில் காலை 8 மணிக்குப் போன் லைன் திறக்கும். எட்டுக்கு எடுத்தால் வரிசையில் பதினெட்டாம் ஆள் என்று மெசின் சொல்லும். நம் முறை வரும்போது அன்றைய இடம் எல்லாம் முடிந்திருக்கும். இங்கிலிஷ் சரளமாக வராத எங்கள் வயதானவர்கள் அந்தப் போனுக்கே பயந்து வருத்தத்தோடு இருந்துவிடுகிறார்கள். ஆகவே அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு நல்ல விஷயமும் உண்டு. நம்பர் தருவதில்லை, நேரம் தருவார்கள். 10:20 என்றால் 10:20. கொஞ்சம் பிந்தும், ஆனால் நாலு மணித்தியாலம் பிந்தாது. போக முடியாவிட்டால், நினைவூட்ட வருகிற எஸ்எம்எஸ்ஸிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அந்த இடம் வேறு ஒருவருக்குப் போகும்.


வவுனிக்குளத்தான்

தம்பி, உங்களில் கோபம் இல்லை. உங்கள் அப்பாவுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். என் ஐயாவுக்கு நான் வயலில் நிற்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.


நம்பர்ப்பிள்ளை

மூன்று நாளாக வாசித்துக்கொண்டே இருந்தேன். நான் ஒரு டிஸ்பென்சரியில் நம்பர் கொடுக்கிறவள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. எட்டு வருடமாக இந்த வேலை. முதலில் பாலைப்பழம் அக்காவுக்கு: அன்று உங்களுக்கு நம்பர் தந்தது நான் இல்லை, ஆனால் அந்தப் பதிலை நானும் முன்பு சொல்லியிருக்கிறேன். "நாலரைக்கு வாங்கோ." எல்லாருக்கும் ஒரே பதில். நாற்பது பேரும் நாலரைக்கு வந்து நிற்பார்கள். அப்போது அது பிழை என்று எனக்கு விளங்கவில்லை. டொக்டர் வந்து ஆள் இல்லாவிட்டால் எனக்குத்தான் ஏச்சு விழும் என்ற பயம்தான் இருந்தது.

ஒரு மழை நாள் இரவு, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு கர்ப்பிணிப் பிள்ளையும் தாயும் எங்கள் விறாந்தையிலேயே விடியும்வரை இருந்தார்கள். நானும் போகாமல் கூட இருந்தேன். அன்று இரவுதான் கொப்பியை எப்படி எழுதுவது என்று யோசித்தேன். டொக்டரிடம் அடுத்த நாள் சொன்னேன், "செய்து பார் பிள்ளை" என்றார்.

இப்போது இப்படித்தான் செய்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு சீஆர் கொப்பி, தடித்த மட்டைக் கொப்பி. கொம்பியூட்டர் இல்லை, கரண்ட் போனாலும் கொப்பி திறந்துதான் இருக்கும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம், 1 முதல் 40 வரை முதலே எழுதிவைத்துவிடுவேன். ஒற்றை நம்பர் போனில் கேட்பவர்களுக்கு, இரட்டை நம்பர் நேரில் வருபவர்களுக்கு. போன்காரர் எத்தனை பேர் எடுத்தாலும் இரட்டையில் கை வைக்கமாட்டேன். வவுனிக்குளம் அண்ணாவின் ஐயா கதவு திறக்கும்போது வந்தால் அவருக்கு 2 கிடைக்கும். 10, 20, 30, 40 நாலையும் ஒருவருக்கும் கொடுப்பதில்லை. அது காய்ச்சலோடு தூக்கிவருகிற பிள்ளைக்கும் மூச்சு இழுக்கிறவருக்கும்.

போனில் கேட்டால் பெயருக்கு முதல் ஊரைக் கேட்பேன். "எந்த ஊர்? எதிலை வாறியள்? கடைசி பஸ் எத்தினை மணிக்கு?" தூரத்து ஆளுக்கு இருபதுக்குள் தருவேன். டவுன் ஆட்களிடம் கேட்டுத்தான் பின்னுக்கு எழுதுவேன். முகம் சுளிப்பார்கள். "அவை போக பஸ் இல்லை அண்ணை" என்று ஒருதரம் சொன்னால் போதும், நம்முடைய சனம் அதற்குப் பிறகு வாய் திறக்காது. எல்லாரும் ஒரு காலத்தில் நடந்து திரிந்தவர்கள்தானே.

பிறகு நேரம். எங்கள் டொக்டர் ஆஸ்பத்திரிக் கடமை நாலு மணிக்கு முடித்துவிட்டு வருகிறவர், நாலரைக்குத் தொடங்குவார். மணிக்குப் பத்துப் பேரளவில் பார்ப்பார். அப்படியானால் 21ஆம் நம்பருக்கு ஆறரை. ஆறே காலுக்கு வாங்கோ என்று சொல்லிவிடுவேன். துண்டிலும் நம்பருக்குக் கீழே அந்த நேரத்தை எழுதிக் கோடு போட்டுவிடுவேன். மட்டு மட்டாகச் சரிவராது, கால் மணி அரை மணி முன்பின் போகும். ஆனால் வாங்கில் நாலு மணித்தியாலம் இருக்கத் தேவையில்லை. டொக்டருக்குப் பிந்தினால் எனக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். உடனே முதல் பத்துப் பேருக்கும் நான் எடுத்துச் சொல்லிவிடுவேன். மற்றவர்களுக்கு வாசலில் வெள்ளைப் பலகையில், இப்போது போகிற நம்பரும் டொக்டர் வந்த நேரமும் எழுதிவைப்பேன்.

ரிப்போட் மட்டும் காட்ட வருபவர்களுக்கு நம்பர் இல்லை, ஐந்து பேருக்கு ஒருவராக விடுவேன். இதில்தான் சண்டை வரும். "நான் இவ்வளவு நேரம் இருக்கிறன், இப்ப வந்தவ உள்ளை போறா" என்று. அதனால் அதையும் பலகையில் எழுதிவிட்டேன். எழுதினால் சண்டை குறைகிறது.

சீனிக்காரர் சாப்பிடப் போக வேண்டும் என்றால் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள், நம்பர் தள்ளாது. இதை நான் வாயால் சொல்வேன். இந்த இழையை வாசித்த பிறகு நேற்றுப் பலகையிலும் எழுதினேன்.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும். சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிற டொக்டருக்கு பெற்றோல் கிடைக்கவில்லை. பதினொரு மணிக்குச் சொன்னார். கொப்பியில் 38 பேர். ஒவ்வொருவருக்கும் எடுத்தேன். 36 பேருக்குச் சொல்லிவிட்டேன். போன் நம்பர் தராத இரண்டு பேர் மட்டும் அக்கராயன் பக்கத்தில் இருந்து சைக்கிள் மிதித்து வந்துவிட்டார்கள். ஒருவருக்கு நெஞ்சு வலி வேறு. அன்றில் இருந்து போன் நம்பர் இல்லாமல் நம்பர் எழுதுவதில்லை. சொந்தப் போன் இல்லாவிட்டால் அயல்வீட்டாரின் நம்பர், கடைக்காரரின் நம்பர், கோயில் ஐயரின் நம்பர் என்றாலும் சரி. வெளிநாட்டில் இருந்து எடுக்கிறவர்கள் தயவுசெய்து இங்கே இருக்கிற ஒரு நம்பரையும் தாருங்கள். டொக்டர் வரவில்லை என்று லண்டனுக்குச் சொல்லி, லண்டன் மாங்குளத்துக்குச் சொல்வதற்குள் அம்மா பஸ் ஏறிவிடுவா.

கடைசியாக ஒன்று. வர முடியாவிட்டால் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் ஐந்தாறு பேர் சொல்லாமல் வராமல் விடுகிறார்கள். அதே நாள் ஐந்தாறு பேரை "நம்பர் முடிஞ்சுது" என்று நான் போனில் திருப்பியிருப்பேன். ஒரு மிஸ்கோல் போதும், நானே திருப்பி எடுப்பேன்.


முறிகண்டிச்சந்தி

அக்கா, இவ்வளவும் கையால் எழுதுகிறீர்களா! ஒரு வட்சப் குழு தொடங்கினால் எல்லாம் சுகமாக முடியுமே. பெயர் போட்டவுடன் நம்பர், டொக்டர் பிந்தினால் ஒரு மெசேஜ். நான் செய்து தருகிறேன், காசு வேண்டாம்.


நம்பர்ப்பிள்ளை

தம்பி, நல்ல மனது. ஆனால் அதைச் செய்து பார்த்தாயிற்று. இரண்டாம் நாளே ஒரு பிள்ளை தன் இரத்தப் பரிசோதனை ரிப்போட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டாள், டொக்டர் பார்ப்பார் என்று நினைத்து. ஊர் முழுக்கப் பார்த்தது. அன்று பின்னேரமே குழுவை மூடிவிட்டேன். ஆர் எதற்கு வருகிறார்கள் என்பது என் கொப்பியிலும் இல்லை. பெயர், ஊர், போன் மட்டும்தான். கொப்பியை மேசை இலாச்சிக்குள் வைத்துத்தான் எழுதுகிறேன், வரிசையில் நிற்பவர் எட்டிப் பார்க்காமல்.


வெள்ளைத்தொப்பி (வவுனியா)

நம்பர்ப்பிள்ளை செய்தது முழுக்கச் சரி. சின்ன ஊரில் ஒரு பெண்பிள்ளை எந்தக் கிளினிக்குக்குப் போனாள் என்ற ஒரு சொல் போதும், அவளுடைய கலியாணப் பேச்சுவரை போகும். முறிகண்டித் தம்பிக்கு உதவ மனம் இருந்தால், டொக்டர் பிந்தும் நாளில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எஸ்எம்எஸ் போகிற மாதிரி அந்தப் பிள்ளையின் போனில் ஒழுங்கு செய்து கொடுங்கள். அது பெரிய உதவி.


முறிகண்டிச்சந்தி

விளங்குது மிஸ். அக்கா, உங்களுக்குத் தனிமடல் போடுகிறேன்.


வவுனிக்குளத்தான்

நம்பர்ப்பிள்ளை தங்கச்சி, ஒற்றை இரட்டை என்று நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. போனை நிறுத்தச் சொன்னதை நான் திருப்பி எடுக்கிறேன். எங்கள் பக்க டிஸ்பென்சரியில் இதைப் போய்ச் சொல்லப் போகிறேன்.

இன்னொரு கேள்வி, மிஸ்ஸுக்கு. அரச ஆஸ்பத்திரியில் எனக்குப் பிரஷர்க் கிளினிக். போன மாசியில் அரிவு வெட்டு நேரம் திகதி வந்தது. மெசின் அன்றுதான் கிடைத்தது, விட்டால் பிறகு மழை வந்து நெல்லைக் கொட்டிவிடும். போகவில்லை. பிறகு போனால் ஏசுவார்கள் என்ற வெட்கத்தில் அடுத்த மாதமும் போகவில்லை. குளிசையும் முடிந்து சும்மா இருந்தேன். வைகாசியில் தலைச்சுற்று வந்துதான் போனேன், 190 நின்றது. இப்படித் திகதி தவறினால் என்ன செய்ய வேண்டும்?


வெள்ளைத்தொப்பி (வவுனியா)

தம்பி, இதை வெளிப்படையாக எழுதினதற்கு நன்றி. இப்படி வெட்கத்தில் நின்றுபோனவர்களைத்தான் நாங்கள் பிறகு பாரிசவாதத்தோடு வார்டில் கண்டோம்.

திகதி தவறினால் மாதம் பார்க்க வேண்டாம். அதே கிளினிக் அடுத்து நடக்கிற நாளில் கொப்பியோடு போய் நில்லுங்கள். அநேகமான கிளினிக் கிழமைக்கு ஒருதரமாவது இருக்கும், எந்த நாள் என்று கொப்பி மட்டையிலேயே எழுதியிருக்கும். பின்னுக்கு நிற்க வைப்பார்கள், யாராவது ஒரு மிஸ் ஏசவும் ஏசுவா. நானும் ஏசியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆனால் மருந்து தராமல் விடமாட்டார்கள். வெட்டு நேரத்தில் வரமாட்டேன் என்று முதலே தெரிந்தால், அதற்கு முந்தின மாதக் கிளினிக்கிலேயே டொக்டரிடம் சொல்லுங்கள். "மாசி நடுப்பகுதி வெட்டு ஐயா" என்றால், இருப்பைப் பார்த்து இரண்டு மாத மருந்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், திகதியை முன்பின் மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எதுவும் சரிவராவிட்டால், குளிசை முடிகிற அன்றே கிட்டடி ஆஸ்பத்திரிக்குக் கொப்பியைக் கொண்டு போய், அடுத்த திகதிவரை மருந்து கேளுங்கள்.

மனம் வைத்தால் எவ்வளவோ செய்யலாம். 2020இல் ஊரடங்கு நேரம் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினார்கள். காக்கிச் சட்டைத் தபால்காரர் குளிசைப் பொட்டலத்தோடு சைக்கிளில் வந்ததை நானே கண்டேன்.

திகதி தவறவே கூடாத கிளினிக்கும் உண்டு. வாதக் காய்ச்சல் வந்து இதயம் பாதித்த பிள்ளைகளுக்கு மூன்று நாலு கிழமைக்கு ஒருதரம் போடுகிற பெனிசிலின் ஊசி அப்படியானது. நாய் கடித்தவருக்கு எழுதிக் கொடுக்கிற ஊசி நாட்களும் அப்படித்தான். வெட்டு என்றாலும் கலியாணம் என்றாலும் அது பொறுக்காது. பாம்பு கடித்தால் நம்பரும் இல்லை, கொப்பியும் இல்லை, நேரே அவசரப் பிரிவு. புடையனோ வேறோ என்று அடித்துப் பார்க்க நிற்க வேண்டாம். டிஸ்பென்சரிக்குக் கொண்டு ஓடியும் நேரத்தைப் போக்காதீர்கள், அங்கே விஷமுறிவு மருந்து இராது.

வெறுவயிற்று இரத்தம் கொடுக்கிற நாளைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால்: அன்று காலை சீனிக் குளிசையும் இன்சுலினும் இரத்தம் எடுத்த பிறகு, சாப்பாட்டோடு. பிரஷர்க் குளிசையை, டொக்டர் வேறு சொல்லாவிட்டால், வெறும் தண்ணீரோடு வழமை போலப் போடலாம். தூரத்து ஆட்கள் இரத்தத்தைக் கிட்டடி ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு ரிப்போட்டோடு போனால் ஒரு பயணம் மிச்சம்.


கனகராயன்கரை (லண்டன்)

நம்பர்ப்பிள்ளை அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எழுதின அந்த ஐந்தாறு பேரில் நானும் ஒருவன்.

அப்பாவுக்கு எந்த நாள் சுகமாக இருக்கும் என்று தெரியாமல், புதனுக்கும் வெள்ளிக்கும் இரண்டு நம்பர் போட்டுவைப்பேன். புதன் போய்விட்டு வந்தால் வெள்ளியை மறந்துவிடுவேன். ஒரு நம்பர்தானே என்று நினைத்தேன். கதவு திறக்க முதல் வந்து நிற்கிற ஐயா ஒருவருக்கு 34 கிடைப்பதற்கு நான் காரணம் என்று வவுனிக்குளம் அண்ணா எழுதும்வரை எனக்குத் தெரியாது. மன்னியுங்கள் அண்ணா. நேற்று எங்கள் டிஸ்பென்சரிக்கு எடுத்து, அடுத்த கிழமைக்குப் போட்டிருந்த மற்ற நம்பரை வெட்டச் சொன்னேன். போனில் இருந்தவர் நான் ஏதோ காசு கேட்கப் போகிறேன் என்று பயந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவின் போன் நம்பரையும் கொடுத்துவிட்டேன்.


வவுனிக்குளத்தான்

தம்பி, நீங்கள் எழுதினதே பெரிது. அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மாங்குளம் பக்கம் வரும்போது அவருக்கு ஏதும் அலுவல் இருந்தால் எனக்குத் தனிமடலில் சொல்லுங்கள், என்னிடம் மோட்டார்சைக்கிள் நிற்கிறது.


பாலைப்பழம் (விசுவமடு)

இரண்டு கிழமைக்குப் பிறகு வருகிறேன். எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

மிஸ் சொன்ன அடுத்த நாள் காலையே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். திகதி இல்லாமல் வந்ததற்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. புண்ணைப் பார்த்த டொக்டர் அன்றே சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். ஐந்து நாள் வார்டில் வைத்துச் சுத்தம் செய்தார்கள். இன்னும் பிந்தியிருந்தால் சின்ன விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார்கள். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் தர்மபுரத்தில் மருந்து கட்டுகிறோம். அடிப்பக்கம் சிவந்து சதை பிடித்து வருகிறது.

அந்தப் பின்னேரக் கிளினிக்குக்கும் போன் எடுத்தேன், சண்டைக்கு இல்லை. நம்பர் கொடுக்கிற பிள்ளையிடம் அன்று அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். புதுசாம், சேர்ந்து இரண்டு மாதம்தானாம், எல்லாருக்கும் நாலரை என்று சொல்லத்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். ஊர் கேட்டு நம்பர் கொடுக்கிற விதத்தையும், துண்டில் நேரம் எழுதுவதையும் சொன்னேன். ஒற்றை இரட்டையை இரண்டாம் தரம் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். டொக்டரிடம் கேட்கிறேன் என்றாள்.

நேற்று அம்மாவின் பிரஷருக்குக் காட்ட வேண்டி மறுபடி எடுத்தேன். "எந்த ஊர் அக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். விசுவமடு என்றேன். 7 தந்தாள். ஐந்து மணிக்கு வரச் சொன்னாள். ஆறு மணிக்குப் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். வீட்டுக்கு வந்து, இடியப்பத்தை முன்னுக்கு வைத்துவிட்டுத்தான் அம்மா ஊசியை எடுத்தார்.